பட்டியலில் பெயர் இல்லை

விருத்தாசலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் பீங்கான் பட்டறையில் சூளை பார்க்கிறவர். மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். பந்து கையில் இருந்தால் சாப்பாடு கூட வேண்டாம் என்கிற ரகம்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து நன்றாக ஆடும் பெண்களைச் சேர்த்து, பெரிய பயிற்சியாளர்கள் வந்து பார்க்கும்படி ஒரு காட்சி ஆட்டம் வைக்க ஏற்பாடாம். அதற்குப் பன்னிரண்டு பேர் தேவை. காலை ஏழு மணிக்குத் தேர்வுக்குப் போன பெண், பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். "ஆட்டம் சரிதான், உயரம் போதாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்தத் தாயார் மேலும் எழுதுகிறார்: "பெண் பெரியவளாகி ஒரு வருஷம் ஆகிறது. மாமியார் அப்போதே ‘ஆடினது போதும்' என்றார். நான்தான் பிடிவாதமாக அனுப்பி வந்தேன். இப்போது பட்டியலிலும் பெயர் இல்லை. இனி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?"

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல, சகோதரிகளே. ஓட்டம், பாட்டு, நாட்டியம், பேச்சுப் போட்டி என்று எதற்காவது குழந்தையை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் எல்லாத் தாயார்களுக்கும் உரிய கேள்வி. ஆகையால் இந்த வாரம் இதையே எடுத்துக்கொள்வோம்.

பத்து அடி வந்த கதை

கூடைப்பந்தில் உயரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருக்கிறது. அந்தப் பத்து அடியை யாராவது கணக்குப் போட்டு வைத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் கூடத்துக்குள்ளேயே மாணவர்களை ஆடவைக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைக் கூடத்தின் மேல்மாடத்துக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்த மாடம் பத்து அடி உயரம். அவ்வளவுதான் விஷயம். மாடம் எட்டு அடியில் இருந்திருந்தால் எத்தனை பேரின் தலையெழுத்து மாறியிருக்குமோ!

அடுத்த வருஷமே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். 1893-ல் அங்கே பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. அதாவது, கூடைப்பந்து பிறந்து இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே பெண்கள் அதைத் தங்கள் ஆட்டமாக்கிக் கொண்டுவிட்டார்கள். ‘பெண்ணுக்கு எதற்கு இந்த ஆட்டம்' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நம் சென்னையிலும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த எச். சி. பக் என்பவர் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் மூலமாக இப்படிப்பட்ட ஆட்டங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தன.

உயரம் பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல

தேர்வு செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பந்தைத் தட்டக் கற்றுக் கொடுக்கலாம். எறியக் கற்றுக் கொடுக்கலாம். உயரத்தைக் கற்றுக் கொடுக்க முடியாது. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங், சிறு வயதிலேயே ஓங்கி வளர்ந்ததால்தான் கண்ணில் பட்டார். லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கூடத்தில், சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் கற்றார். 2010-ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் என்ற அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அங்குள்ள என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அவர் உயரம் ஏழு அடி இரண்டு அங்குலம்! ஆகவே, உயரத்தைப் பார்க்கிறவர்களைக் கோபிப்பதில் பயனில்லை.

ஆனால் பதின்மூன்று, பதினாலு வயதில் அளக்கிற உயரம் இருக்கிறதே, அது ஒரு மயக்கம். பெண் குழந்தைகள் மளமளவென்று வளர்வது பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில். சிலர் பத்திலேயே வளர்ந்துவிடுவார்கள். சிலர் பதின்மூன்று வரை காக்க வைப்பார்கள். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், வளர்ந்து முடித்தவளும் வளரத் தொடங்காதவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு அளந்தால் முன்னவள் பெரியவள். நாலு வருஷம் கழித்து அளந்தால் இருவரும் ஒன்றாக நிற்கலாம். மண் கோப்பையைப் பச்சையாக இருக்கும்போது அளந்து விலை பேசுவதில்லையே! காய்ந்து, சூளையில் வெந்து, சுருங்கி வந்த பிறகுதான் அதன் அளவு. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த மாதம் கூட விளையாடுகிறது என்றால் நம்புவீர்களா? வயதுப் பிரிவுக்கு ஜனவரி முதல் தேதியைக் கணக்காக வைத்தால், ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவு. இடையே கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி. 1985-ல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற மனோதத்துவ அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்தார்கள். வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே ஏராளமாக இருந்தார்கள். திறமை மாதம் பார்த்துப் பிறக்கிறதா? இல்லை. சின்ன வயதில் கொஞ்சம் பெரியவனாக இருந்தவன் பொறுக்கப்பட்டான். பொறுக்கப்பட்டதால் நல்ல பயிற்சி கிடைத்தது. பயிற்சியால் மெய்யாகவே சிறந்துவிட்டான். மற்றவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

இருந்தாலும் நம் சகோதரிக்கு வீண் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. பெண் பெரியவளான பிறகு சாதாரணமாக இன்னும் இரண்டு, மூன்று அங்குலம் வளரலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது அபூர்வம். கம்பியில் தொங்கினால் வளரும், ஸ்கிப்பிங் குதித்தால் வளரும் என்பதெல்லாம் பேச்சு. எலும்பு அதனால் நீளாது. உயரம் வளர மருந்து என்று விற்கிறதில் காசைப் போடாதீர்கள். அதே காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் கேழ்வரகும் பாலும் வாங்கிக் கொடுங்கள். அது உடம்பில் ஒட்டும்.

ஐந்து தேரும் ஒரே உயரமா?

அப்படியானால் குள்ளமான பெண்ணுக்கு இந்த ஆட்டத்தில் இடம் இல்லையா? விருத்தாசலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர். கூடைப்பந்திலும் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். பிள்ளையார் தேரும் பெரிய தேரும் ஒரே உயரமா? ஆனாலும் ஐந்தும் ஓடினால்தானே தேர்த் திருவிழா!

வளையத்தின் அருகே நின்று பந்தைப் பிடிக்க உயரம் வேண்டும். ஆனால் பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவள் யார்? தன் பாதி மைதானத்தை எட்டு வினாடிக்குள் கடக்க வேண்டும். இருபத்து நாலு வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். எதிரி கையை நீட்டிப் பறிக்க வரும்போது, தலையை நிமிர்த்திக் கொண்டே பந்தைத் தட்டி, நாலு தோழிகளும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, சரியான நேரத்தில் சரியான கைக்குக் கொடுக்கிறாளே, அவளை ‘கார்டு' என்பார்கள். அவள் தரைக்கு அருகே இருப்பது சில சமயம் சௌகரியம் கூட. மக்ஸி போக்ஸ் என்பவர் ஐந்து அடி மூன்று அங்குலம். நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேரின் உயரம். அவர் 1987 முதல் பதினாலு பருவங்கள் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களில் ஏழடி மனிதர்களுக்கு நடுவே ஆடினார்.

ஆகவே, பன்னிரண்டு பேரைப் பொறுக்குவது என்றால் தனித்தனியே சிறந்த பன்னிரண்டு பேரைப் பொறுக்குவது அல்ல. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு அணி ஆகவேண்டும். எல்லாரும் உயரமானவர்களாகப் போய் நின்றால் பந்தை யார் கொண்டு வருவது? எல்லாரும் சமையற்காரர்களாக இருந்தால் இலை போடுவது யார் என்கிற கதைதான்.

எப்படிப் பொறுக்க வேண்டும்?

பி.டி. டீச்சர்களும் பயிற்சியாளர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஒரு காலை நேரம் போதாது. இரண்டு மூன்று நாளாவது வேண்டும். ஐம்பது பெண்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஐந்து தடவை எறியச் சொன்னால், அன்றைக்குக் கை நடுங்காதவள் யார் என்றுதான் தெரியும். அதைவிட, மூவருக்கு மூவராகப் பிரித்து ஆடவிடுங்கள். எல்லாருடைய கையிலும் பந்து அடிக்கடி வரும், ஒளிந்துகொள்ள இடமிராது. சட்டையில் பெயரோ பள்ளியோ வேண்டாம், நம்பர் போதும். பார்க்கிறவர்கள் மூன்று பேராக இருக்கட்டும். ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும்.

பந்து கையில் இருக்கும்போது எல்லாரும் அழகாகத்தான் இருப்பார்கள். பந்து இல்லாதபோது என்ன செய்கிறாள்? பந்தைப் பறிகொடுத்த அடுத்த நிமிஷம் முகத்தைத் தொங்கவிட்டு நிற்கிறாளா, திரும்பி ஓடுகிறாளா? தோழி தவறவிட்டால் முறைக்கிறாளா, கையைத் தட்டுகிறாளா? காலையில் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுங்கள்; மாலையில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் கற்கிறாள் என்பதே பள்ளி வயதில் பெரிய விஷயம்.

திருமுதுகுன்றம் என்பதுதானே விருத்தாசலத்தின் பழைய பெயர்? அங்கே சுந்தரர் பொன் பெற்ற கதை எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். போடும்போதே மச்சம் வெட்டி எடுத்துக்கொண்டு போனார், உரைத்துப் பார்க்க. திருவாரூரில் முதலில் உரைத்தபோது மாற்றுக் குறைந்தது. பிறகு உரைத்தபோது சரியாக இருந்தது. சுவாமி கொடுத்த பொன்னுக்கே இரண்டாம் உரை தேவைப்பட்டதென்றால், பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஒரே உரையில் தீர்ப்புச் சொல்லலாமா?

கடைசியாக, பெயர் வராத பெண்ணை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். "உயரம் போதாது" என்று சொன்னால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? "இடது கையால் தட்டுவது பலவீனம், ஆறு மாதத்தில் சரிசெய்து வா" என்றால் மறுநாள் விடியற்காலையே எழுந்திருப்பாள்.

இரண்டாம் அணியின் பெருமை

மைக்கேல் ஜோர்டனைப் பற்றி ஒரு கதை ஊரெங்கும் சொல்வார்கள், பள்ளிக்கூட அணியிலிருந்து தள்ளப்பட்டவர் என்று. நடந்தது கொஞ்சம் வேறு. 1978-ல், வில்மிங்டன் நகரத்து லேனி உயர்நிலைப் பள்ளியில் அவர் பத்தாம் வகுப்பு. பெரிய அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டது. அதே வகுப்பிலிருந்து லீராய் ஸ்மித் என்ற நெட்டைப் பையனை எடுத்துக்கொண்டார்கள். ஜோர்டனை இளையோர் அணியில் போட்டார்கள். பட்டியலில் தன் பெயரைத் தேடிக் காணாமல், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் பாருங்கள், பெரிய அணியில் இருந்திருந்தால் பெஞ்சியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் கொண்டிருப்பார். இளையோர் அணியில் ஆட்டம் முழுவதும் ஆடினார். அடுத்த வருஷம் பெரிய அணி. உயரமும் வந்து சேர்ந்தது. 1981-ல் அமெரிக்கா முழுவதிலுமிருந்து பொறுக்கிய உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் காட்சி ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தார். மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் பெயரால் நடக்கும் அந்த ஆட்டத்தில் 2002 முதல் பெண்களுக்கும் தனி ஆட்டம் உண்டு.

அவரைத் தேர்ந்தெடுக்காத பயிற்சியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். இடம் இல்லை என்றார். ஆட இடமே இல்லை என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் பெரிது. எந்தப் பள்ளியில் இரண்டாம் அணி ஒழுங்காக ஆடுகிறதோ, அந்தப் பள்ளியில்தான் முதல் அணி நிலைத்து நிற்கும்.

வீட்டுக்குள் நடக்கும் தேர்வு

இதுவரை மைதானத்தைப் பேசினோம். இப்போது வீட்டுக்கு வருவோம். பெண்களைப் பொறுத்தவரை முதல் தேர்வு மைதானத்தில் நடப்பதில்லை, வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. "பெரியவளாகிவிட்டாள், இனி கிரவுண்டு எதற்கு?" என்று ஒரு குரல். "கறுத்துப் போவாள்" என்று ஒரு குரல். "அரை டிராயரோடு ஊர் பார்க்க ஓடுவதா?" என்று இன்னொன்று. தேர்வுக் குழு நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பாதிப் பெண்களைக் கழித்துவிடுகிறோம். பிறகு நம் ஊரில் ஆட்டக்காரிகள் இல்லை என்று ஆச்சரியப்படுகிறோம்!

கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? சென்னைப் பெண் அனிதா பால்துரை பதினோரு வயதில் கூடைப்பந்துக்கு வந்தார். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி. தெற்கு ரயில்வேயில் உத்தியோகம். கல்யாணமும் குழந்தையும் ஆன பிறகும் ஆடினார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவை வென்ற இந்திய அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ அளித்தார்கள்.

கேரளத்துப் பெண் கீது அன்னா ஜோஸ், அவரும் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர்தான். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை அணிகளின் தேர்வுக்குப் போன முதல் இந்தியப் பெண். மூன்று அணிகள் பார்த்தன, இடம் கிடைக்கவில்லை. ஆறடி இரண்டு அங்குல உயரம் இருந்தும் கிடைக்கவில்லை! திரும்பி வந்து இந்தியாவுக்காக ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது வாங்கினார். பட்டியலில் பெயர் வராதது உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விருத்தாசலத்துச் சகோதரிக்கு

நிறுத்தாதீர்கள், அம்மா. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நிறுத்தினால், ஆட்டம் என்பது ஜெயித்தால் மட்டும் அனுமதி என்று பெண் கற்றுக்கொள்வாள். நாளைக்குப் பரீட்சையிலும் உத்தியோகத்திலும் அந்தப் பாடமே கூட வரும்.

இரண்டு நாள் அவளைச் சும்மா விடுங்கள். "போனால் போகிறது, ஒரு ஆட்டம்தானே" என்று சொல்லாதீர்கள். அவளுக்கு அது ஒரு ஆட்டம் மட்டும் அல்ல. மூன்றாம் நாள், அவளையே டீச்சரிடம் அனுப்பி, "நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம். கார்டு இடத்துக்குப் பழக்கச் சொல்லிக் கேளுங்கள். தினம் அரை மணி இடது கையால் தட்டுவதற்கு மைதானம் கூட வேண்டாம், வாசல் போதும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சம் முனகுவார்கள்; பொறுத்துக்கொள்ளட்டும்.

வாய்ப்பு இது ஒன்றோடு முடியவும் இல்லை. பள்ளி விளையாட்டில் பதினாலு, பதினேழு, பத்தொன்பது என்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. பாரதியார் தினம், குடியரசு தினம் என்று போட்டிகள் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வு வைக்கிறார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் தேதி தெரியும். பொறியியல் படிப்பிலும் ரயில்வே உத்தியோகத்திலும் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. ஆகவே, படிப்பா ஆட்டமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டியதில்லை.

மாமியாரைப் பற்றி ஒரு யோசனை. அவரோடு வாதாடாதீர்கள். ஒரு சாயங்காலம் பேத்தியின் ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போய் நிழலில் உட்கார வையுங்கள். பேத்தி பந்தோடு ஓடுகிறதைப் பார்த்து, "ஏய், விடாதே, ஓடு!" என்று முதலில் கத்துகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பட்டியலில் பெயர் வந்த அந்த உயரமான பெண்ணின் தாயாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளும் நம் குழந்தைதானே! இன்றைக்கு அவளை உயரம் தேர்ந்தெடுத்திருக்கிறது. மூன்று வருஷத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அதற்குள் குள்ளமான பெண்கள் பழகுகிற தட்டல், கொடுக்கல், ஓட்டம் எல்லாவற்றையும் அவளும் பழகிக்கொள்ளட்டும். முடிந்தால், விட்டுப்போன அந்தப் பெண்ணோடு சேர்ந்தே பழகட்டும். இருவருக்கும் லாபம்.